சட்டப்படி ஒரு திருட்டு

அத்தியாயம் 6

உட்காரச் சொல்வதற்கு முன்பே அனிருத் உட்கார்ந்துவிட்டான். மேற்குத் தாம்பரத்தில், ஜூஸ் கடை மாடியில் இருந்த அந்த ஒற்றை அறை ஆபீஸை ஒரு சுற்று பார்த்தான். ஓடாத ஏ.சி.யைப் பார்த்தான். கடைசியாகத்தான் யூனிஸைப் பார்த்தான்.

யூனிஸ் அவன் கண்களையே கவனித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

தெரிய வழியும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனுக்கு எதிராகக் கூண்டேறிச் சாட்சி சொன்ன துப்பறியும் பெண்மணி அவள்தான். ஆனால் அந்தக் கேஸுக்கு அவன் ஒரு நாள்கூட கோர்ட்டுக்கு வந்ததில்லை. வக்கீலை அனுப்பினான், ஜெயித்தான், மறந்துபோனான். அவள் மறக்கவில்லை.

"என் வண்டி காணாமப் போயிடுச்சு மேடம்," என்றான் அனிருத்.

"ரேஸ் காரா?"

"ரேஸ் காருங்களை ஏத்திட்டுப் போற டிரெய்லர். உள்ள ரெண்டு காரும் இருக்கு. ஒண்ணு நானே ஓட்டுறது. இந்த வாரம் கோயம்புத்தூர்ல ரேஸ். இன்னிக்கே கிளம்பியாகணும்."

மூலையில் டீயை ஆற்றிக்கொண்டிருந்த அசிஸ்டென்ட் சக்திவேல் நிமிர்ந்தான். "சாவி தொலைஞ்சுதுன்னு வருவாங்க. புருஷன் தொலைஞ்சான்னு வருவாங்க. லாரி தொலைஞ்சுதுன்னு வந்தவரு நீங்கதான் சார் மொதல் ஆளு. பாக்கெட்ல எல்லாம் நல்லா தேடிப் பாத்தீங்களா?"

அனிருத் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னான். 'சூறாவளி ரேசிங்' என்பது அவனுடைய டீம். முடிச்சூரில் ஷெட். நேற்று, ஞாயிற்றுக்கிழமை காலை, டிரைவர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, பிரேக்குக்கு ஏர் ஏறட்டும் என்று ஓடவிட்டுவிட்டு, எதிர்க்கடைக்கு இட்லி சாப்பிடப் போயிருக்கிறான். கை கழுவிவிட்டு வந்தால் ஷெட்டில் வெறும் தரை. டிரைவரை அப்போதே வேலையை விட்டுத் துரத்தியாகிவிட்டது. போலீஸில் புகார் கொடுத்தாகிவிட்டது. சுற்றியுள்ள டோல்கேட் எதையும் வண்டி தாண்டவில்லை என்று கேமராக்கள் சொல்கின்றன.

"அப்போ இந்தப் பக்கத்துலதான் எங்கேயோ இருக்கு," என்றாள் யூனிஸ். "எவ்வளவு நீளம் சார் வண்டி?"

"அறுபத்தேழு அடி. ஆரஞ்சு கலர். கம்பெனிக்காரன் கொடுத்தது அறுபதுதான். ரெண்டாவது கார் நிக்கணும்னு பின்னால ஏழு அடி நான் வெல்டிங் வெச்சு இழுத்தேன்." அவன் குரலில் பெருமை இருந்தது. "பாத்தவன் எல்லாம் வாயைப் பொளந்தான்."

யூனிஸின் பேனா நின்றது. "எப்போ இழுத்தீங்க?"

"மூணு வருஷம் ஆச்சு."

"பர்மிட்?"

அனிருத் தோளைக் குலுக்கினான். "மாசத்துல ரெண்டு நாள் ரோட்டுல ஓடுற வண்டி மேடம். எவன் டேப்பை எடுத்துக்கிட்டு பின்னாலயே ஓடி வரப்போறான்? நீங்க கண்டுபிடிச்சுக் குடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"கண்டுபிடிச்சுக் கொடுக்கிறேன்," என்றாள் யூனிஸ்.

அவன் படியிறங்கிக் காரில் ஏறும் சத்தம் கேட்டதும் சக்திவேல் டீயைக் கீழே வைத்தான். முகத்தில் விளையாட்டு இல்லை.

"அக்கா, இந்தாளு அந்த ஆளுதானே? ஜைத் கேஸு?"

"அவனேதான்."

"முடியாதுன்னு சொல்லி அனுப்பியிருக்கலாமே."

"ஏன் அனுப்பணும்? ரெண்டு வருஷமா அந்த வண்டியை அளக்க வழி தேடிக்கிட்டிருக்கேன் சக்தி. இப்போ அவனே வந்து தேடச் சொல்றான்."

அந்தக் கேஸை யூனிஸ் தினமும் ஒரு முறையாவது நினைத்துப் பார்ப்பாள். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் ஆரஞ்சு டிரெய்லர் வலது பக்கம் திரும்பியது. அவ்வளவு நீள வண்டி வலதில் திரும்பினால், சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வால் இடது பக்கம் வீசும். இடது ஓரத்தில் ஸ்கூட்டரில் காலூன்றி நின்றிருந்தவன் ஜைத். கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வால் அவனை நெஞ்சோடு தட்டிச் சுவரில் வைத்து நசுக்கியது.

அவன் அம்மா நூர் பீவி யூனிஸிடம் வந்தாள். யூனிஸ் சாலையை அளந்தாள், சுவரில் இருந்த தடத்தை அளந்தாள், கோர்ட்டில் சொன்னாள். மறுவாரம் எதிர்த்தரப்பு ஒரு டிரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதே ஆரஞ்சு, அதே நம்பர் பிளேட். நீளம் மட்டும் அறுபது அடி. அதன் வால் ஜைத் நின்ற இடத்தை எட்டவே எட்டாது. "அம்மணி கனவுல அளந்திருப்பாங்க," என்றார் வக்கீல். "அந்தப் பையன் ரேஸ் விட்டுத் தானே போய் முட்டியிருக்கான். ரேஸ் விடுறது எங்க கட்சிக்காரர் மட்டும் இல்லையே." கோர்ட்டில் சிரித்தார்கள். செத்தவன் மீதே தப்பு என்று கேஸ் முடிந்தது.

சிரிப்பு அடங்கியபின் நூர் பீவி எழுந்து வெளியே நடந்த விதம்தான் யூனிஸுக்கு மறக்கவில்லை. யாரையும் திட்டவில்லை. அழவும் இல்லை.

"பைக்கை எடு," என்றாள் யூனிஸ். "முடிச்சூர் போகணும்."

*

ஷெட்டில் பார்க்க ஒன்றும் இல்லை. யூனிஸ் அங்கே இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. நேராக, தெருமுனையில் இருந்த கேபிள் ஆபீஸுக்குள் நுழைந்தாள்.

"டி.வி. பாக்கற நேரமாக்கா இது?" என்றான் சக்திவேல்.

"அந்த வண்டி எவ்வளவு உயரம்னு யோசி. முடிச்சூர்ல தெருவுக்குத் தெரு குறுக்கே ஒயர் தொங்குது. அது போன பக்கமெல்லாம் இன்டர்நெட் கட்டாகியிருக்கும். ஞாயித்துக்கிழமைகூட வீட்டுல உக்காந்து ஐ.டி. வேலை பாக்குறவங்க சும்மா விட்டிருக்க மாட்டாங்க. எந்தத் தெருவிலேருந்து புகார் வந்துச்சோ, அந்தத் தெரு வழியா வண்டி போயிருக்கு."

 சக்திவேல் கேபிள்காரர் பக்கம் திரும்பினான். "அண்ணே, நேத்து காலைல எங்கெங்க நெட் புட்டுகிச்சு?"

கேபிள்காரர் தலையைச் சொறிந்தார். "அதான் எனக்கே புரியலப்பா. அந்த ஆரஞ்சு பூதம் கெளம்புற அன்னிக்கு நான் ஏணியும் கையுமாத்தான் திரிவேன். மீட்டிங் பாதில அறுந்துட்ச்சுன்னு ஆளாளுக்கு போன்ல காய்ச்சுவாங்க. நேத்து அது போறத என் பையன் கண்ணால பாத்துகிறான். ஆனா ஒரு கம்ப்ளெயின்ட் வரல. ஒரே ஒரு ஒயரு அறுந்திருந்தா என்ன ஏன்னு கேளு."

வெளியே வந்ததும் சக்திவேல் கையை விரித்தான். "முடிஞ்சுது. ஏர்ஃபோர்ஸ் கிரவுண்டு பக்கத்துலதான் கீது. பிளேன்ல தொங்கவுட்டு எடுத்துகினு போய்ட்டாங்க."

யூனிஸ் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மின்கம்பத்துக்கும் மொட்டை மாடிக்கும் நடுவே கறுப்பு ஒயர்கள் கொடித்துணி மாதிரித் தொய்ந்து கிடந்தன. இதற்குக் கீழே அந்த வண்டி போயிருக்கிறது. ஒன்றும் அறுபடவில்லை. வருடக்கணக்காக அறுத்துக்கொண்டே போனவன் வண்டியின் சொந்தக்காரன். அறுக்காமல் போனவன் திருடன்.

"திருடுறவனுக்கு அவசரம் இருக்கணும் சக்தி. இவனுக்கு இல்லை. யாரோ ஒயரைத் தூக்கிப் பிடிச்சு, வண்டியை மெதுவா அனுப்பியிருக்காங்க."

"திருடும்போதே பொதுச்சேவையா?"

சோமங்கலம் ரோடு திரும்பும் முனையில் ரத்தினபாய் பூ விற்றுக்கொண்டிருந்தாள். யூனிஸ் இரண்டு முழம் மல்லிகை வாங்கினாள். நேற்று ஆரஞ்சு டிரெய்லர் இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டாள்.

"வந்துச்சே," என்றாள் ரத்தினபாய், பூவை இலையில் மடித்துக்கொண்டே. "நல்ல மருவாதியா வந்துச்சு."

"மரியாதையாவா?"

"ஆமா கண்ணு. எப்பவும் அது வந்தா என் குடையக் கவுத்துட்டுத்தான் போவும். நேத்து பின்னால ரெண்டு பக்கமும் செவப்புத் துணி கட்டி வுட்டுருந்தாங்க, கொடி மாதிரி. முன்னால ஒரு அம்மா ஸ்கூட்டில வந்துச்சு, தலையில முக்காடு போட்டுகினு. கையில நீட்டா ஒரு மூங்கிலு. ஒயரு தாழ்வா இருந்தா எறங்கி, மூங்கில்ல தூக்கிப் புடிச்சுகினு, இப்ப வா இப்ப வான்னு கை காட்டுது. எங்கிட்ட வந்து, கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்கம்மான்னுச்சு. புதுசா எதுனா சட்டம் வந்துகீதுன்னு நெனச்சேன்."

"மினிஸ்டர் வண்டிக்கே இவ்ளோ ஒழுங்கா பைலட்டு போறதில்ல," என்றான் சக்திவேல். "களவாண்ட வண்டிக்குப் போயிருக்கு. பேஜாரா கீதுக்கா."

 யூனிஸ் பூப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். சட்டம் வந்துதான் இருந்தது. அளவு மீறிய வண்டிகளுக்குப் பின்னால் சிவப்புக் கொடி, முன்னால் வழிகாட்டி வண்டி, பள்ளி நேரத்தில் சாலைக்கு வரக்கூடாது என்று போன மாதம்தான் உத்தரவு போட்டிருந்தார்கள். ஆபீஸ் ஆபீஸாகப் படியேறி, மனுமேல் மனு போட்டு அந்த உத்தரவை வாங்கியது ஒரு தனி மனுஷி. உத்தரவு வந்தபின்னும் எந்த வண்டியும் அதை மதிக்கவில்லை. அனிருத் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டான். அதை முதன்முதலில் எழுத்துக்கு எழுத்து மதித்தது அந்தத் திருடன்தான். பள்ளி இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, கொடி கட்டி, வழி காட்டி, யார் குடையும் சாயாமல்.

யூனிஸ் சிரித்தாள். சக்திவேலுக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் பயமாகவே இருந்தது.

"மூங்கில் வெச்சிருந்தது யாருன்னு தெரிஞ்சுபோச்சு," என்றாள். "நூர் பீவி."

"ஜைத்தோட அம்மாவா? அவங்க எதுக்குக்கா…" சக்திவேல் பாதியில் நிறுத்தினான். அவனுக்கும் புரிந்துவிட்டது. "சரி. ஆனா அவ்ளோ பெரிய வண்டிய எங்க ஒளிச்சு வெப்பாங்க? வூட்டு மாடியிலயா?"

"ஒளிக்கணும்னு எடுத்திருந்தா ஆயிரம் இடம் இருக்கு. இவங்க காட்டணும்னு எடுத்திருக்காங்க. காட்டணும்னா ஒரே இடம்தான்."

"போலீஸ் ஸ்டேஷன்?"

"போலீஸ்ல விட்டா அன்னிக்கே ஓனரைக் கூப்பிட்டுக் கொடுத்துடுவாங்க. இது டேப் வெச்சு அளக்கிறவங்க இடத்துல நிக்குது. இந்த ரோடு சோமங்கலம் தாண்டி எங்கே போகுது?"

"குன்றத்தூர்." சக்திவேல் தலையில் அடித்துக்கொண்டான். "ஆர்.டி.ஓ. புடிக்கிற வண்டியெல்லாம் நிப்பாட்டுற மைதானம் அங்கதான் கீது. காணாப்போன வண்டிய எல்லா எடத்துலயும் தேடுவான். புடிபட்ட வண்டிங்களுக்கு நடுவுல மட்டும் எவனும் தேட மாட்டான்."

*

மைதானத்தின் இரும்புக் கேட்டைத் தாண்டியதுமே ஆரஞ்சு நிறம் கண்ணில் அடித்தது. கேஸ் முடியாமல் துருப்பிடித்துப்போன ஆட்டோக்கள், மணல் லாரிகள், கண்ணாடி இல்லாத வேன்களுக்கு நடுவே, போகும் வழியை அடைத்துக்கொண்டு, தேர் மாதிரி நின்றது. பின்னால் சிவப்புத் துணிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. வாட்ச்மேனைச் சக்திவேல் விசாரித்தான். கொடி, பைலட் எல்லாம் முறையாக வந்ததால், பிடித்துக் கொண்டுவரும் வண்டிதான் என்று நினைத்துக் கேட்டைத் திறந்துவிட்டாராம்.

வண்டியின் நிழலில் ஒரு பாயை விரித்து நூர் பீவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டிபன் கேரியர். யூனிஸைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

"உங்ககிட்டதான் வருவான்னு நெனச்சேன்," என்றாள். "சாப்டீங்களா?"

டிரைவர் சீட்டிலிருந்து ஒரு இளம்பெண் இறங்கி வந்தாள். ஜைத்தின் அக்கா சோயா. கோர்ட்டில் பார்த்தபோது ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். இப்போது உள்ளங்கைகள் காய்த்திருந்தன.

"நீயா ஓட்டிட்டு வந்தே?"

"ஆமா மேடம். மொதல்ல லைட் எடுத்தேன், அப்புறம் ஹெவி. ரெண்டு வருஷம் ஆச்சு. இந்த ஒரு வண்டியை ஓட்டத் தெரியணும்னுதான் கத்துக்கிட்டேன்." சோயாவின் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "கொளுத்திடணும்னுதான் நெனச்சேன். அம்மாதான் வேணாம்னாங்க. எரிஞ்சுபோச்சுன்னா எவ்ளோ நீளம்னு யாருக்குத் தெரியும்னு கேட்டாங்க."

நூர் பீவி பாயின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"அவன் திருட்டுக் கேஸ் கொடுத்திருக்கான் சோயா," என்றாள் யூனிஸ். "நீ உள்ள போகவேண்டி வரும்."

"போறேன். நான்தான் எடுத்தேன்னு நானே சொல்றேன். அவன் வந்து 'இது என் வண்டி'ன்னு சொல்லட்டும். அது போதும்."

யூனிஸ் அவளைப் பார்த்தாள். ஜெயிலையே தூண்டில் புழுவாகக் கோத்து வைத்திருக்கிறாள் இந்தப் பெண். ஆனால் எதிரில் இருப்பவன் எப்படிப்பட்டவன் என்று யூனிஸுக்குத் தெரியும்.

"சொல்ல மாட்டான்," என்றாள். "அவனைச் சொல்ல வைக்கிறது என் வேலை."

இரண்டு பேருக்குப் போன் போட்டாள். முதலில் பிரேக் இன்ஸ்பெக்டர் பட்டாபிராமனுக்கு. அன்று கோர்ட்டுக்காக அந்த அறுபது அடி வண்டியை அளந்து கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அடுத்தது அனிருத்துக்கு. "உங்க வண்டி கிடைச்சிடுச்சு சார். குன்றத்தூர் வாங்க." எந்த இடம் என்பதை மட்டும் மேப்பில் அனுப்பினாள்.

பிறகு சக்திவேலைத் தனியே அழைத்துக் காதில் ஏதோ சொன்னாள்.

"அக்கா, நான் ரொம்ப மென்மையான ஆளுக்கா," என்றான் சக்திவேல்.

"இன்னிக்கு ஒரு நாள் அப்படி இருக்காதே."

*

பட்டாபிராமன் முதலில் வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். வாலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். வெல்டிங் தழும்பு நெடுக ஓடியிருந்தது. அதன்மேல் பூசிய பெயின்ட்டே பல மழையைப் பார்த்திருந்தது. நிமிர்ந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

அடுத்த அரை மணியில் அனிருத்தின் கார் உள்ளே வந்தது. ஆரஞ்சு வண்டியைக் கண்டதும் முகம் மலர இறங்கினான். நாலு எட்டு வைத்தான். அதற்குள் பட்டாபிராமனின் காக்கிச் சட்டையும், கையில் இருந்த டேப்பும், பாயில் உட்கார்ந்திருந்த பெண்மணியும் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. கால் நின்றது.

"இது உங்க வண்டிதானே சார்?" என்றார் பட்டாபிராமன்.

அனிருத் முட்டாள் இல்லை. யூனிஸை ஒரு முறை பார்த்தான். அந்தப் பேரை எங்கோ கேட்ட ஞாபகம் இப்போதுதான் வந்திருக்க வேண்டும்.

"இல்லை," என்றான். "என் வண்டி அறுபது அடி. நீங்களே அளந்து கையெழுத்துப் போட்டிருக்கீங்க, கோர்ட் ரெக்கார்டு இருக்கு. இது ரொம்ப நீளமா தெரியுதே. எவனோ என் நம்பரைப் போலியா மாட்டியிருக்கான்."

சோயாவின் முகத்தில் ரத்தம் வற்றியது.  காலையில் இதே வாய்தான் ஏழு அடியைப் பெருமையாகச் சொன்னது. ஆனால் அதைக் கேட்டது அவளும், அவளிடம் சம்பளம் வாங்கும் சக்திவேலும்தான். அதைக் கோர்ட்டில் போய்ச் சொன்னால் மறுபடியும் சிரிப்பார்கள்.

"ரொம்ப சந்தோஷம் சார்," என்றாள் யூனிஸ் நிதானமாக. "உங்க வண்டி இல்லைன்னா, உங்க வண்டியை இந்தப் பொண்ணு திருடவும் இல்லை. நாலு பேர் முன்னால நீங்களே சொல்லிட்டீங்க."

அனிருத் உதட்டைக் கடித்தான். அதை அவன் யோசித்திருக்கவில்லை. இருந்தாலும் தலையை ஆட்டினான். ஒரு திருட்டுக் கேஸ் போனால் அவனுக்கென்ன?

"அப்போ இது அநாதை வண்டி," என்று யூனிஸ் பட்டாபிராமன் பக்கம் திரும்பினாள். "உள்ள இருக்கிறதை இறக்கி வெச்சுக் கணக்கெடுக்கணும் இல்லையா சார்?"

"எடுத்துத்தானே ஆகணும்," என்றார் அவர். "உரிமை கொண்டாட ஆள் வரலேன்னா ஏலத்துக்குப் போயிடும்."

பின்கதவைத் திறந்தார்கள். உள்ளே இரண்டு ரேஸ் கார்கள். கதவை ஒட்டி நின்றது, கறுப்பும் ஆரஞ்சுமாக, தரையோடு தரையாகப் பதுங்கிய பூனை மாதிரி இருந்தது. வெல்டிங் வைத்த அந்த ஏழு அடித் தரையில் அதன் பின்சக்கரங்கள் உட்காருவதற்கென்றே குழிவு வெட்டியிருந்தது. காலுக்குச் செய்த செருப்பு மாதிரிப் பொருந்தியிருந்தது. மைதானத்துக் கிரேன் உறுமிக்கொண்டு வந்தது. கொக்கியை மாட்டச் சக்திவேல் மேலே ஏறினான்.

"இத எங்க மாட்டறது? இந்த றெக்கையிலயா?" என்று கேட்டுக்கொண்டே, காரின் பின்பக்கம் பலகைபோல் நின்ற இறக்கையில் இரும்புச் சங்கிலியைச் சுற்றினான். "சூட்கேஸு புடி மாதிரி வாட்டமா கீது. தூக்குண்ணே."

சங்கிலி விறைத்தது. இறக்கையிலிருந்து 'கிரீச்' என்று ஒரு சத்தம்.

 அனிருத் கையைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் தூக்கு. வரலைன்னா ஒடச்சு எடுத்துடலாம், அநாதைதானே," என்றான் சக்திவேல்.

இறக்கை வளைந்தது. எங்கோ ஒரு போல்ட் தெறித்து ஆட்டோவின் தகரத்தில் பட்டது.

"டேய், நிறுத்துடா," என்று அனிருத் பாய்ந்தான். "என் காரை விடுடா. அந்த விங் இங்கிலாந்துலேருந்து வந்தது. நாலு மாசம் நான் உக்காந்து டியூன் பண்ணின கார்டா அது."

கிரேன் நின்றது.  ஓடிப்போய் இறக்கையைத் தாங்கிப் பிடித்த அனிருத்துக்குத் தான் என்ன சொன்னோம் என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

பட்டாபிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "உங்க கார்னு சொல்றீங்க. அடுத்தவன் வண்டியில, உங்க கார் அளவுக்கே வெட்டின குழியில, அது எப்படி சார் வந்து உக்காந்துச்சு?"

அனிருத் இறக்கையைப் பிடித்திருந்த கையை எடுத்தான்.

"ரெண்டு வருஷம் முன்னாடி வேற வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி என் கையெழுத்தைப் பொய்யாக்கினீங்க. அந்தத் தீர்ப்புல செத்த பையன் மேல பழி விழுந்துச்சு. அதை மாத்தச் சொல்லி நானே கோர்ட்டுக்கு வரேன். இந்த வண்டி இப்போ அரசாங்கத்துப் பிடியில இருக்கு. கோயம்புத்தூர் போகாது."

"மேடம்," என்று அனிருத் யூனிஸிடம் திரும்பினான். குரல் கெட்டுப்போயிருந்தது. "உங்களை வேலைக்கு வெச்சது நான்."

"வண்டியைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கச் சொன்னீங்க. கொடுத்துட்டேன்."

சோயா முன்னால் வந்து நின்றாள். "சார், வண்டியை எடுத்தது நான். இப்போ எழுதிக்கோங்க," என்றாள் பட்டாபிராமனிடம்.

"அதை போலீஸ்ல சொல்லும்மா. இது தன்னோட வண்டிதான்னு இவர் எழுதிக் கொடுத்தபிறகு சொல்லு." அவர் சுற்றிலும் பார்த்தார். டிரெய்லர் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. வெளியே இரண்டு லாரிகள் உள்ளே வர முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. "முதல்ல இதைத் திருப்பி ஓரமா நிறுத்தணும். இங்க யார்கிட்ட ஹெவி லைசென்ஸ் இருக்கு?"

 சோயா பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "எடும்மா. பாத்து."

எஞ்சின் அதிர்ந்து உயிர்பெற்றது. அனிருத் வண்டியின் வாலுக்கு இடது பக்கம் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு, வக்கீலிடம் போனில் கத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு எதிரில் ஒரு மணல் லாரி. பின்னால் ஆரஞ்சு இரும்பு. நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம்.

வண்டி முன்னால் ஊர்ந்து வலது பக்கம் திரும்பத் தொடங்கியது.

யூனிஸ் அதைப் பார்த்துவிட்டாள். கண்ணாடியில் சோயாவின் கண்களும் தெரிந்தன. அவை சாலையைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த நூர் பீவியின் கை நின்றது. சக்திவேல் யூனிஸின் கையைப் பிடித்தான். "அக்கா, கூப்பிடுங்கக்கா."

கூப்பிட வேண்டும் என்று யூனிஸுக்குத் தெரிந்தது. வாய் வரவில்லை. கூப்பிட மனம் இல்லை என்பதுதான் உண்மை. வால் சத்தமில்லாமல், அவசரமில்லாமல், இடது பக்கம் வீசிக்கொண்டு வந்தது. போனில் அவன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான்.

புஸ்ஸென்று ஏர் பிரேக் பிடித்தது. வண்டி நின்றது.

"சார்," என்றாள் சோயா, ஜன்னல் வழியே தலையை நீட்டி.

அனிருத் திரும்பினான். அவன் நெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்தில் அவனே இழுத்துக் கட்டிய இரும்பு நின்றிருந்தது. பின்னால் நகரப் பார்த்தான். முதுகில் மணல் லாரி இடித்தது. கையிலிருந்த போன் நழுவிச் சேற்றில் விழுந்தது. போனுக்குள் வக்கீல் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த இடத்துலதான் சார் என் தம்பி நின்னான்," என்றாள் சோயா. "தள்ளி நில்லுங்க."

அனிருத் பக்கவாட்டில் நகர்ந்தான். முதலில் மெதுவாக, பிறகு ஓட்டமும் நடையுமாக, காம்பவுண்டுச் சுவரில் முதுகு ஒட்டும்வரை போனான். சோயா கண்ணாடியில் அவனைப் பார்த்தபடி பொறுமையாகக் காத்திருந்தாள். அவன் நின்றுவிட்டான் என்று உறுதியானதும் ஒரு முறை ஹாரன் அடித்தாள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வண்டியைத் திருப்பினாள்.